பெரட்டு மணி விழுந்த வீடியோ

ஈஜோக் தோட்டம்
9.6.2024

துளசிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. அதனால் போடவில்லை.

கடிதமா என்று சிரிக்காதே. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பில், அதுவும் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டு. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் குரலை உனக்கு அனுப்பினால் நீ அதை என்ன செய்வாய் என்று தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் திட்டினால் அதையும் படம் பிடித்துப் போடுவாய். தாளில் திட்டினால் என் கோழிக் கிறுக்கலை எவளும் உட்கார்ந்து படிக்க மாட்டாள். உன் அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவர் செம்பனைப் பழ லோரியை எடுத்துக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போயிருக்கிறார்.

‘முகமில்லா அக்கா’ என்ற பெயரில் வீடியோ போடுகிறவள் நீதான் என்று வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் பெரட்டு. மண்டோர் ஆள் கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் களத்தில் நிற்கிறோம். வேலம்மாக்கா, வீட்டைப் போலவே, எனக்குப் பக்கத்தில். செல்லையா மண்டோர் மணியை அடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அவர் இன்னும் அந்தத் தண்டவாளத் துண்டைத்தான் தொங்கவிட்டு அடிக்கிறார். மூன்று அடி, தோள் வலிக்கு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் ஒரு இருமல், அப்புறம் இரண்டு அடி. நீ பிறந்து வளர்ந்த வீட்டு வரிசை, இந்த லயம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“நேத்து கோல சிலாங்கூர் ஜாபர் கடையில டீ குடிச்சிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில பசங்க வயித்தப் புடிச்சிட்டு சிரிக்கிறானுங்க. எட்டிப் பார்த்தா, ஒரு பொம்பள கை வெங்காயம் நறுக்குது, குரல் மட்டும் பேசுது. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு ஒரு அம்மா லயம் பூரா சோபா, காத்தாடி, கண்ணாடி அலமாரி எல்லாம் இரவல் வாங்கி வச்ச கதை. நானும் சிரிச்சேன்லா. கடைசியில பார்த்தா என் மணி கேக்குது. என் இருமல் கேக்குது. சிரிச்ச வாய் அப்படியே நின்னுருச்சு” என்றார். சொன்னவர் சும்மா போகக் கூடாதா? போனை எடுத்து எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டார்.

என் குரலைத் தவளைக் குரலாக மாற்றினாய். மணியை மாற்ற முடிந்ததா? நம் தோட்டத்தில் தமிழ் வீடு மொத்தமே பதினொன்று. யார் சோபா, யார் அலமாரி என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மண்டோர் மகன் வாங்கிய பந்து விளையாட்டுக் கோப்பையைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, “உங்க மக விளையாட்டுக்காரியா?” என்று கேட்டதும், கோப்பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத வேலம்மாக்கா, “ஆமா, எல்லாம் அவ வாங்குனதுதான்” என்றதும், அவள் மகள் லீலாவதி கண்ணைக் கூடச் சிமிட்டாமல், “கோல் கீப்பர் அத்தை” என்று சொன்னதும் வந்தபோது வேலம்மாக்காவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அழுகை. அவர்கள் போன பிறகு அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நாகு, வர்றவங்கள உக்கார வைக்க எனக்குன்னு ஒரு நாற்காலி இல்லையே” என்று அழுதாளே, அது. அதை நான் உனக்கு நடித்துக் காட்டியிருந்தேன். நீ ஒருத்தி சிரிக்க வேண்டும் என்று. அந்த அழுகைக்குத்தான் நீ வெங்காயம் நறுக்கியிருக்கிறாய்.

வேலம்மாக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எங்கள் இரண்டு அடுப்படிக்கும் நடுவில் சுவருக்கு மேல் ஒரு சந்து இருக்கிறதே, இருபத்திரண்டு வருடமாக மிளகாயும் சம்பாலும் கைமாறுமே, சாயங்காலம் பார்த்தால் அதில் பலகை அடித்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டிலும் பார்த்துவிட்டார்களாம். போனை எடுப்பதில்லை. ஆவணியில் கல்யாணம் என்று பேசியது நிற்குமா என்று தெரியவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை உன் கையில் இருக்கிற போனுக்குள் மாட்டிக்கொண்டது. அதை எடு.

நாகமணி


புக்கிட் செந்தோசா
15.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போடாவிட்டாலும் நான் போடுவேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் எடுத்தால் போய்விடாது அண்ணி. யார் யாரோ இறக்கி வைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். குழந்தை தங்காமல் போனதும் நான் வேலையை விட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தினமும் பெரட்டுக்கு முன்னால் நீங்கள் அனுப்பும் குரலைக் கேட்டுத்தான் நான் எழுந்து பல் விளக்கினேன். ஒரு நாள் கேட்காவிட்டால் அன்றைக்கு எழவே மாட்டேன். எனக்கு இப்படி இருக்கிறதே, என்னைப் போல் எத்தனை பேர் படுத்துக் கிடப்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதலில் என் குரலில்தான் போட்டேன். உங்கள் கதையை நான் சொன்னேன். இருநூறு பேர்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் உங்கள் குரலையே போட்டு, சுருதியை இறக்கி, என் கையை மட்டும் காட்டினேன். கை தெரியக் கூடாது என்று மோதிரத்தைக் கழற்றி, கட்டைவிரல் மச்சத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வேன். முதல் மூன்று வினாடியில் பிடித்து நிறுத்தாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நீங்கள் யாரையாவது திட்டுகிற இடத்தை வெட்டி முன்னால் வைப்பேன். கடைசியில், “உங்க பக்கத்து வீட்டுல யாரு?” என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் எழுத ஆயிரம் பேர் வந்தார்கள். ஏழு மாதத்தில் எண்பத்து நாலாயிரம் பேர். “அக்கா குரல் கேட்டாத்தான் எனக்கு வேலை ஓடும்” என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதினார். நான் கட்டிய கணவர் குகனிடம்கூடச் சொல்லாமல் குளியலறையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்களிடம் கேட்கவில்லை. அதற்குப் பெயர் திருட்டுதான்.

மணியை நான் கேட்கவே இல்லை. சத்தியமாக. பதினெட்டு வருடம் அந்த மணியில் எழுந்தவள், எனக்கு அது ஒரு சத்தமாகவே காதில் விழவில்லை. முன்னால் நீங்கள் அனுப்பியதில் எல்லாம் கோழிதான் கத்தும், அதை வெட்டியெடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். மார்ச்சுக்குப் பிறகு கோழிச் சத்தம் இல்லை. சுத்தமாக இருந்தது. பெயரையும் நான் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நீங்களே ‘பக்கத்து வீட்டு அக்கா’ என்றுதான் சொல்லியிருந்தீர்கள்.

நான் என்ன செய்தால் இது சரியாகும்? சொல்லுங்கள், செய்கிறேன்.

துளசி


ஈஜோக் தோட்டம்
21.6.2024

துளசிக்கு,

கோழியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

இங்கே எனக்கு நடப்பது உனக்குத் தெரியுமா? தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு நிற்கிறது. பழம் பொறுக்கப் போகிற இடத்தில் என் வரிசைக்குப் பக்கத்து வரிசையை யாரும் எடுப்பதில்லை. “பார்த்துப் பேசுங்கடி, ரெக்கார்டு ஓடும்” என்கிறாள் புஷ்பவள்ளி. உன் அண்ணன் மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை.

நேற்று, வெள்ளிக்கிழமை பூசைவரை பொறுக்காமல் கோயிலைத் திறக்கச் சொல்லி, மாரியம்மன் முன்னால், பதினொரு வீட்டுக்காரர்களும் பார்க்க, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். என் குரல் வெளியே போகிறது என்று எனக்குத் தெரியாது, என் நாத்தனார் எனக்குத் தெரியாமல் செய்தது என்று. பாதிப் பேர் நம்பினார்கள். வேலம்மாக்கா வரவே இல்லை.

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டாய் அல்லவா? என் பெயரை நீ சுத்தம் செய். எப்படியோ செய்.

நாகமணி


புக்கிட் செந்தோசா
30.6.2024

அன்புள்ள அண்ணி,

செய்துவிட்டேன். நீங்கள் இதற்குள் பார்த்திருப்பீர்கள்.

முகத்தைக் காட்டினேன். பவுடர்கூடப் போடவில்லை. “இவ்வளவு நாள் நீங்கள் கேட்டது என் குரல் இல்லை. என் அண்ணியின் குரல். அவருக்கு எதுவுமே தெரியாது. நான் திருடினேன். அந்தக் கதையில் வரும் குடும்பத்தின் காலில் விழுகிறேன்” என்று சொன்னேன். ஊர் பெயர் சொல்லவில்லை, வேலம்மா அத்தை பெயர் சொல்லவில்லை. பேசும்போது அழுகை வந்துவிட்டது, அதை நான் வெட்டவில்லை. குகன் பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். 

இரண்டு நாளில் ஐந்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் அண்ணி. இதுவரை போட்டதிலேயே இதைத்தான் அதிகம் பேர் பார்த்தது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். முக்கால்வாசிப் பேர் திட்டவில்லை. தைரியமான பெண் என்று எழுதுகிறார்கள்.

தோட்டத்தில் இப்போது உங்களிடம் பேசுகிறார்களா? மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏதாவது செய்தி உண்டா?

துளசி


ஈஜோக் தோட்டம்
6.7.2024

துளசிக்கு,

பேசுகிறார்கள். புஷ்பவள்ளி நேற்று எனக்கு அவள் வீட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். என் பெயர் சுத்தமாகிவிட்டது. சந்தோஷமா உனக்கு?

நீ மன்னிப்புக் கேட்டதை நான் நாலு தடவை பார்த்தேன். அழுகை வருகிற இடத்தில் ஒரு நொடி கண்ணை மேலே தூக்கி நிறுத்துகிறாய் பார், அப்புறம்தான் சொட்டு விழுகிறது. நன்றாகத்தான் இருந்தது. கீழே ஆயிரம் பேர், “சிஸ் நீங்க கிரேட்” என்று எழுதியிருக்கிறார்கள். துளசி, வேலம்மாக்காவுக்கு யாரடி கிரேட்? அவளுடைய அழுகையை வைத்து ஒரு வீடியோ, அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ. அடித்த கையால் அணைப்பதைக்கூட ஒரு கூட்டத்தைக் கூட்டி வைத்துத்தான் செய்வாயா?

இதுவரை தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அந்தப் பழைய வீடியோவைத் தேடிப் பார்க்கிறார்கள். லீலாவதி வேலை செய்கிற கிளினிக்கில் மருந்து வாங்க வந்த ஒருவன், “கோல் கீப்பர்!” என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் முகப்பை விட்டு உள்ளே போய்ப் பஞ்சுப் பெட்டி அடுக்குகிறாளாம், வெளியே வருவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா இன்னும் போனை எடுக்கவில்லை.

நீ வேலம்மாக்கா வாசலுக்கு வந்தாயா? ஈஜோக்குக்கும் புக்கிட் செந்தோசாவுக்கும் என்ன கடலா இருக்கிறது நடுவில்? ஐந்து லட்சம் பேரிடம் கேட்டாய். கேட்க வேண்டிய ஒருத்தியிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நேரில் கேட்பது கஷ்டம். எனக்கே தெரியும்.

நாகமணி


புக்கிட் செந்தோசா
14.7.2024

அன்புள்ள அண்ணி,

நீங்கள் எழுதிய அந்தக் கண்ணைத் தூக்குகிற இடம் உண்மை. முதல் தடவை எடுத்தபோது அழுகை வரவில்லை. அது மூன்றாவது தடவை எடுத்தது. இதை நீங்கள் ஒருவர்தான் கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேனலை அழித்துவிட்டேன். அழி என்று சொன்னாலும் முப்பது நாள் வைத்திருந்துதான் அழிப்பார்களாம், அதற்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாமாம். போனையே குகனிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வராமல் நேராக வேலம்மா அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் லீவு போட்ட நாள், நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம்தான், பார்த்துத்தான் வந்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பலகை முக்காலியை எடுத்துவந்து போட்டார். அந்த வீட்டில் உட்கார இருப்பது அது ஒன்றுதான். “உக்காரு” என்றார். நான் மாட்டேன் என்றேன். “எங்க வீட்டுக்கு வந்தா உக்காரணும்” என்றார். நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார். அண்ணி, நான் அந்த முக்காலியிலிருந்து கீழே விழுந்து செத்திருக்கலாம்.

காலைப் பிடித்தேன். தூக்கிவிட்டார். வெறும் டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் பேசினார். “நீ பதினெட்டு வயசுலேயே டவுனுத் தாமான் வீட்டுப் பக்கம் போயிட்டம்மா. உனக்கு நாங்கல்லாம் இப்ப கதைதான். கதையா நெனச்சு சிரிச்சிட்ட. எனக்கு வலிச்சது அது இல்ல. கூடவே இருந்து பார்த்தவளே சிரிச்சிட்டாளோன்னுதான் வலிச்சது. நாகு உன்கிட்ட சொன்னது சரி, உன் துக்கத்துக்குச் சொன்னா. ஊருக்குச் சொல்லல. அவளுக்குத் தெரியாம நடந்துச்சே, அது போதும் எனக்கு” என்றார்.

என்னைப் பார்த்து, “அப்படித்தானே?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

இன்னொன்றும் சொன்னார். மாப்பிள்ளை ஜீவன் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தாராம். “அன்னைக்கே எனக்குத் தெரியும் அத்தை, கோப்பையில மண்டோர் மகன் பேரு எழுதியிருந்துச்சு. அந்தப் பொய்யச் சொன்ன தைரியத்துக்குத்தான் லீலாவதிய எனக்குப் புடிச்சுது” என்றாராம். அவர் அம்மாவையும் சம்மதிக்க வைத்துவிட்டார். செப்டம்பர் எட்டாம் தேதி, ஆவணி ஞாயிற்றுக்கிழமை. ஆனால் தோட்டத்துக் கோயிலில் இல்லை, இங்கே புக்கிட் செந்தோசாவில். தோட்டத்தில் யாரையும் கூப்பிடப் போவதில்லையாம். “அவங்க மூஞ்சியப் பார்த்துட்டு என்னால தாரை வார்க்க முடியாது” என்றார்.

துளசி


ஈஜோக் தோட்டம்
4.8.2024

அன்புள்ள துளசி,

நேற்று ஆடிப்பெருக்கு. காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டது. ஆணியைப் பிடுங்குகிற சத்தம். பலகை போய்விட்டது. சந்து வழியாக வேலம்மாக்கா முகம். “நாகு, வாசலுக்கு வா” என்றாள்.

வந்தால், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் ஒரு பத்திரிகை. பதினொரு வீடு இருக்கிற தோட்டத்தில் ஒரே ஒரு பத்திரிகை. “உன்னையத் தப்பா நெனச்சுட்டேன்டி. ரெண்டு மாசமா உன் மூஞ்சியில முழிக்காம இருந்ததுக்கு நீதான் என்னைய மன்னிக்கணும். நீ வந்து என் பக்கத்துல நின்னாத்தான் நான் தாரை வார்ப்பேன்” என்றாள். நான் வாங்கிக்கொண்டேன் துளசி. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இனி உனக்கு எழுதப் போவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

எனக்குத் தெரியும். வியாழக்கிழமைதான் தெரிந்தது என்று எழுதினேனே, பச்சைப் பொய். பிப்ரவரியிலேயே தெரியும். நான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் செருப்பு அறுந்து ஒற்றைச் செருப்போடு நடந்த கதையை நீ போட்டாய் பார், அது கோயில் பெண்கள் குழுவில் வந்தது. லீலாவதிதான் கொண்டுவந்து காட்டினாள். “நாகு அத்தை, இந்த அக்கா சிரிச்சு முடிச்சிட்டு ‘ஐயோ சாமி’ன்னு மூச்சு வாங்குறது உங்களாட்டமே இல்ல?” என்றாள். “போடி, என் குரல் இப்படியா இருக்கும்” என்று துரத்திவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கோபத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நீ நிறுத்திவிடுவாயோ என்று பயம். பழம் பொறுக்கும்போது முதுகு நிமிர்த்துகிற சாக்கில் போனை எடுத்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். இருபத்திரண்டு வருடமாக இங்கே என்னை, “ஏ நாகமணி, அந்த மரத்தடியில விட்டுட்டியே” என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே எண்பதாயிரம் பேர் அக்கா அக்கா என்றார்கள்.

அப்புறம் நான் உனக்காகப் பேசவில்லை. அவர்களுக்காகப் பேசினேன். கோழிச் சத்தம் இருந்தால் உனக்கு வெட்டக் கஷ்டமாக இருக்குமே என்று குளியலறைக்குப் பின்னால் போய் நின்று பேசினேன். அது பெரட்டுக் களத்தைப் பார்த்த பக்கம். அங்கே போனதால்தான் மணி விழுந்தது. பெயர் சொல்வதை நானேதான் நிறுத்தினேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, நான் மூளையைப் போட்டுக் கெட்டேன்.

இன்னும் இருக்கிறது. அந்தச் சோபாவை வேலம்மாக்கா கேட்கவே இல்லை. பாய் விரித்து உட்கார வைக்கிறேன் என்றுதான் சொன்னாள். “அக்கா, பாயிலயா உக்கார வைப்ப?” என்று நான்தான் அவள் மனதைக் கெடுத்தேன். மண்டோர் வீட்டு அலமாரியை நான்தான் கேட்டு வாங்கி, கோப்பையோடு தூக்கிவரச் சொன்னேன். கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்று உன் அண்ணன் கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஏதாவது வேடிக்கை நடக்கும், காலையில் சொல்ல ஒன்று கிடைக்கும் என்று எனக்குப் பட்டது. என்ன பிறவி நான்.

கற்பூரத்தை வேறு அணைத்திருக்கிறேன்.

பத்திரிகை சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்கு ஏற்றப் போக முடியவில்லை.

நாகமணி


புக்கிட் செந்தோசா
9.8.2024

அன்புள்ள அண்ணி,

எனக்குத் தெரியும். மார்ச்சில் நீங்கள் ‘பக்கத்து வீட்டு அக்கா’ என்று சொன்னபோதே தெரியும். உங்கள் பக்கத்து வீடு எது என்று எனக்குத் தெரியாதா? யாருக்காகப் பெயரை மறைக்கிறீர்கள்? அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. திருட்டு இல்லை, அண்ணி கொடுக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும், அப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவரிடம் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பழி என் மேலேயே இருக்கட்டும், ஐந்து லட்சம் பேர் முன்னால் நான் ஏற்றுக்கொண்டது. இப்போது சொன்னால் உங்கள் மனப்பாரம் இறங்கும். அவருக்கு என்ன கிடைக்கும்? மகள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம், தோட்டத்தில் மிச்சம் இருக்கிற ஒரே ஆளும் போய்விடும். பேசாமல் புடவை கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

நான் சொல்வது சரியா தப்பா என்று தெரியவில்லை. எனக்கும் சாதகமாக இருப்பதால் தப்பாகத்தான் இருக்கும்.

துளசி


ஈஜோக் தோட்டம்
18.8.2024

அன்புள்ள துளசி,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நீ எழுதியது நியாயம்தான். ஆனால் அவள் தினமும் சந்து வழியாகக் கையை நீட்டுகிறாள். கல்யாணத்துக்கு எந்தப் புடவை, எத்தனை பேருக்குச் சமையல், ஜீவனின் அம்மாவுக்கு என்ன வைத்துக் கொடுப்பது, எல்லாம் என்னிடம்தான் கேட்கிறாள். வெள்ளிக்கிழமை, “அந்த அம்மா முன்னால போயி நிக்கணும்னு நெனச்சா கைய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியலடி” என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு என்ன நடந்தது தெரியுமா? அவள் சொல்லச் சொல்ல, எதை முதலில் வைக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று உள்ளே வெட்டிக்கொண்டிருந்தேன். சேனல் இல்லை, போடுவதற்கு இடமும் இல்லை, ஆனாலும் வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று ஆவணி முதல் நாள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோபா, அலமாரி, குளியலறைப் பின்பக்கம், கற்பூரம், ஒன்றையும் விடவில்லை. பத்திரிகை இப்போது என்னிடம் இல்லை. எட்டாம் தேதி நான் அங்கே வர மாட்டேன். உன் அண்ணன் மட்டும் வருவார், அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அவள் என்ன சொன்னாள், எப்படி இருந்தாள் என்று நீ கேட்பாய். இன்று காலையில் உட்கார்ந்து உனக்கு அதைத்தான் எழுதினேன், முழுதாக இரண்டு பக்கம். அவள் பேசியது அத்தனையும் அவள் பேச்சிலேயே, எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே முந்தானையை இழுத்தாள் என்பது வரைக்கும். திருப்பிப் படித்தேன். நன்றாக வந்திருந்தது. ஒரு இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நான் கிளம்பும்போது அவள், “இதையும் யார்கிட்டயாச்சும் சொல்லுவியா நாகு?” என்று கேட்டாள். மாட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதையும் உனக்கு எழுதியிருக்கக் கூடாது.

நாகமணி